இரண்டாவது கணினி

செவ்வாய் காலை ஏழரைக்குப் பூட்டுக்காரரிடமிருந்து பதில் வந்திருந்தது.

'நிரலைப் படித்தேன். குறை தெரியவில்லை. உங்களைத் தவிர இன்னொருவர், இன்னொரு கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொன்னால் சேர்க்கிறேன். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பூட்டு.'

அவள் பல் தேய்த்துக்கொண்டே அதை இரண்டு தடவை படித்தாள். குறை தெரியவில்லை என்று பூட்டுக்காரர் யாருக்கும் சுலபத்தில் எழுதிவிட மாட்டார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கண் 'இன்னொருவர்' என்ற சொல்லிலேயே நின்றது.

பூட்டுக்காரர் என்பது பட்டப்பெயர். அவளுடைய நிரல் போய்ச் சேர வேண்டியது, யூனிக்ஸ் வழியில் வந்த ஓர் இயங்குதளத்துக்குள். அதை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம். உலகம் முழுக்கச் சில நூறு பேர் தங்கள் பிழைப்பு போக மீதி நேரத்தில் எழுதி எழுதிச் சேர்க்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்று மொத்த நிரலையும் பூட்டி, சோதித்து, புதுப் பதிப்பாக வெளியிடுவார்கள். பூட்டுகிறவர் அவர். பூட்டிய பிறகு அவரைக் கெஞ்சித் திறக்க வைத்தவர்கள் இதுவரை யாருமில்லை.

அவள் பதினோரு வருஷமாக அந்த இயங்குதளத்தில்தான் எல்லாம் செய்கிறாள். மற்றவர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டாளே தவிர, தன் பங்காக ஒரு வரிகூட அதற்குள் போனதில்லை. பதினான்கு மாதம் முன்பு புது வகைச் சில்லு போட்ட ஒரு மடிக்கணினி வாங்கினாள். கைக்கு அடக்கமானது, விசிறிச் சத்தம் கிடையாது. அவளுடைய இயங்குதளம் அதில் ஓடியது, படம் வந்தது, ஒலி வந்தது, இணையம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி சார்ஜ் ஏறாது. அணைத்துவிட்டு ஏற்ற வேண்டும், பிறகு போட வேண்டும். மூச்சு விடும்போது சாப்பிடக் கூடாது, சாப்பிடும்போது மூச்சு விடக் கூடாது என்கிற மாதிரி.

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு சில்லோடும் பேசுவதற்கு ஒரு சிறு நிரல் வேண்டும். டிரைவர் என்பார்கள். சார்ஜ் ஏற்றும் சில்லுக்கான டிரைவரை அவள் எழுத ஆரம்பித்தாள். தயாரித்த கம்பெனி விவரம் எதுவும் தர மறுத்துவிட்டது. மீட்டரை வைத்து அளந்து அளந்து, எப்போது ஏற்ற வேண்டும், எத்தனை ஏறியதும் நிறுத்த வேண்டும் என்று தானே கண்டுபிடித்தாள். பதினான்கு மாதம். முன்னூற்று எண்பது வரி.

ஒரே கணினியில் மட்டும் ஓடிய எதையும் சேர்ப்பதில்லை என்ற விதி வருவதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருஷம் முன்பு யாரோ ஒருவர் தன் ஒற்றைக் கணினியை நம்பி எழுதியதைச் சேர்த்துவிட்டார்கள். வேறு யாருடைய கணினியிலோ பேட்டரி வயிறு உப்பி, விசைப்பலகையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜை கருகியது.

அடுத்த பூட்டு ஆறு மாதம் கழித்து. அதற்குள் இந்த மாடலையே நிறுத்திவிடுவார்கள் என்று பேச்சு. நிறுத்திவிட்டால், 'யாரிடமும் இல்லாத கணினிக்கு எதற்கு டிரைவர்' என்று கேட்பார்கள். ஆக, வெள்ளிக்குள் இந்த மாடல் வைத்திருக்கிற இன்னொரு மனிதரை அவள் பிடித்தாக வேண்டும்.

அவளுக்குப் பிழைப்பு, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் மணிப் பொத்தானை அழுத்துவார்கள் அல்லவா, அப்போது பேசுகிற குரல் அவளுடையது. ஜன்னல் இல்லாத ஓர் அறை, இரண்டு திரை, ஒரு ஹெட்போன். கதவு திறக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்பது சட்டம். அங்கே அவளுக்கு 'கன்ட்ரோல்' என்று பெயர்.

"கன்ட்ரோல், இந்த ஊர்ல பாதிப் பேருக்கு உன் குரல் தெரியும்மா. முகம்தான் ஒருத்தருக்கும் தெரியாது" என்பார் மூத்த மெக்கானிக், சாவிக்கொத்தை வாங்க வரும்போதெல்லாம்.

"முகத்தைப் பார்த்தா லிஃப்ட்டை விட்டு இறங்க மாட்டாங்கண்ணே."

"பயந்தா, மயங்கியா?"

"அது அவங்கவங்க கண்ணைப் பொறுத்தது."

அன்று அவரிடமும் கேட்டுப் பார்த்தாள். இந்த மாடல் லேப்டாப் யாராவது வைத்திருக்கிறார்களா என்று. அவர் திரையில் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுவா? சிலேட்டு மாதிரி இருக்கு. பார்த்ததில்லைம்மா" என்று போய்விட்டார்.

மதியம் அக்கா போன் செய்தாள். நாள் தவறாமல் செய்வாள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கேன்."

"என்ன?"

"பிரெட்."

"நேத்தும் பிரெட்தான். பேக்கரிக்காரன் உன்னை நம்பித்தான் கடை போட்டிருக்கானா? சரி, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

சொன்னாள். அக்காவுக்குக் கணினி என்றால் காத தூரம். ஆனாலும் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆக, உன் கம்ப்யூட்டர் மாதிரியே இன்னொண்ணு வேணும்."

"ஆமா."

"உனக்கு ஜோடி பார்க்கறேன்னு பத்து வருஷம் கத்தினேன். காதுலயே போட்டுக்கல. இப்ப கம்ப்யூட்டருக்கு ஜோடி தேடி அலையறே."

"ஜோடி இல்லக்கா. சாட்சி."

"ரெண்டும் ஒண்ணுதான். இருபத்தி ரெண்டு வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு நினைக்கறே? உங்க அத்தான் செய்யறதுக்கெல்லாம் சாட்சி." அக்கா தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். "அத்தான் ஆபீஸ்ல லேப்டாப் மலையா குவிஞ்சு கிடக்கு. ஒண்ணு எடுத்துட்டு வரச் சொல்லவா?"

"அது வேற மாடல்க்கா."

"எல்லாம் மடிக்கிறதுதானே?"

புதன்கிழமை வேலை முடிந்து, கணினி வாங்கிய கடைக்கே போனாள். கடைக்காரருக்கு அவளை நினைவிருந்தது. ஏன் நினைவிருந்தது என்பதும் உடனே தெரிந்தது.

"அந்த மாடல்ல மொத்தம் ரெண்டுதான் வந்துச்சு. ஒண்ணு நீங்க வாங்கினது."

"இன்னொண்ணு யார் வாங்கினாங்க?"

"ஒருத்தர் வாங்கினாரு. மூணாம் நாளே திருப்பிட்டாரு. கம்பெனிக்கே அனுப்பியாச்சு."

"அவர் நம்பர் இருக்குமா?"

"அவர் நம்பர் எதுக்கு? வேற நல்ல மாடலா வாங்கிட்டு நிம்மதியா இருக்காரு." கடைக்காரர் மேஜையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் மாத்தணும்னா சொல்லுங்க. வருஷம் தாண்டிடுச்சு, இருந்தாலும் பேசிப் பார்க்கறேன்."

"எனக்கு இது பிடிச்சிருக்கு."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். டாக்டர் சொன்னதைக் கேட்காத நோயாளியைப் பார்க்கிற பார்வை.

வீடு ஒற்றை அறை. கட்டில், மேஜை, தண்ணீர் சுட வைக்கும் கெட்டில். அவள் உடை மாற்றாமலே மேஜைமுன் உட்கார்ந்து அரட்டை அறையைத் திறந்தாள். இயங்குதளக்காரர்கள் எழுத்தில் பேசிக்கொள்ளும் இடம் அது. அங்கே அவள் பெயர் எறும்பு. அந்த அறையில் அவள் பேசுவது பெரும்பாலும் ஒரே ஆளோடு. அதன் பெயர் வாத்து.

அது என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்தில் ஆணா பெண்ணா என்று அவள் கேட்டதில்லை, வாத்து சொன்னதுமில்லை. எந்த நாடு என்றும் தெரியாது. காலையில் இவள் வந்தால் அது இருக்கும். மாலையில் இவள் வந்தாலும் இருக்கும். வாத்துக்கு மதிப்பு உண்டு. மொத்த நிரலில் நேரடியாகக் கை வைக்கிற உரிமை இருபது பேருக்குத்தான், அதில் வாத்தும் ஒன்று. அந்த உரிமைக்குச் சாவி என்று பெயர்.

"கிடைச்சுதா எறும்பே?" என்று கேட்டது.

"இல்ல. கடைக்காரர் என்னைப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டார்."

"அது தெரிஞ்ச விஷயம்தானே. பொது மடல் பட்டியல்ல எழுதிக் கேட்டியா?"

"கேட்டேன். ரெண்டு பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர் 'என்கிட்ட இல்லை'ன்னு. இன்னொருத்தர் 'என்கிட்டயும் இல்லை'ன்னு."

"இல்லைன்னு சொல்றதுக்கு மெனக்கெட்டு ஒரு மடலா. நம்ம ஆளுங்க தங்கம்."

பிறகு, "போகட்டும் வாத்தே. பூட்டட்டும்" என்று எழுதினாள்.

"பொறு" என்றது வாத்து. அதோடு பேச்சு நின்றது.

வியாழன் மாலை வீட்டுக்கு வந்தபோது பட்டியலில் வாத்தின் மடல் கிடந்தது. பட்டியல் என்பது எல்லாருக்கும் போகிற பொது மடல். 'இதே மாடலில் எறும்பின் டிரைவரை ஓட்டினேன். சார்ஜ் ஏறுகிறது, நிற்கிறது. பதிவு கீழே.'

அவள் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. வாத்து அந்தக் கணினியை வாங்கியிருக்கிறது. எங்கோ ஒரு நாட்டில் எங்கோ ஒரு கடைக்குப் போய், அவளுக்காக, இதே சிலேட்டை.

அதன்கீழே பூட்டுக்காரரின் பதில்: 'நன்று. சேர்த்துவிட்டேன்.'

அரட்டை அறையில் வாத்து இல்லை. "எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்று வெற்று அறையில் எழுதி வைத்தாள். அக்காவுக்குப் போன் செய்தாள். அவளாக அக்காவை அழைப்பது வருஷத்துக்கு நாலு தடவை. அக்கா பதறிப்போய், "உடம்புக்கு என்ன?" என்றுதான் எடுத்தாள். ஒன்றுமில்லை, சாட்சி கிடைத்துவிட்டது என்றதும் மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"யாரு, ஆளு எப்படி?"

"அது ஒரு வாத்துக்கா."

"சரிதான். போய்த் தூங்கு."

வெள்ளிக்கிழமை காலை சீக்கிரமே விழிப்பு வந்தது. டீ போட்டுக்கொண்டு, ஆற அமர உட்கார்ந்து, வாத்து அனுப்பிய பதிவைத் திறந்தாள். கணினியைப் போட்டதும் திரையில் மளமளவென்று வரிகள் ஓடுமே, இன்ன சில்லு இருக்கிறது, இத்தனை நினைவகம் இருக்கிறது என்று, அதுதான் பதிவு. எதைச் சோதித்தாலும் அதை முழுசாக இணைத்து அனுப்புவது அவர்களிடையே பழக்கம். கொடியில் காய்கிற துணியைப் பார்த்து வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன வேலை என்று சொல்லிவிடலாம் அல்லவா, அந்த மாதிரி பதிவைப் படித்தே எதிரில் இருப்பவரைப் பார்த்துவிடலாம். அவள் வாத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள்.

கணினியின் வரிசை எண், வேறு. இணைய முகவரி, வேறு. தேதி நேற்றையது. ஒன்பதாவது வரிக்கு வந்தபோது டீக்கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

அவளுடைய கணினியில், வாங்கிய மூன்றாம் மாதமே நினைவகத்தின் ஒரு மூலை கெட்டுவிட்டது. பலகையோடு பலகையாக ஒட்டிய சில்லு, மாற்ற முடியாது. அந்த மூலையைத் தொடாதே என்று இயங்குதளத்துக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு தடவை போடும்போதும் அந்த ஒன்பதாவது வரி வரும்: இந்த இடம் முதல் இந்த இடம் வரை விலக்கப்பட்டது. துணியில் எலி கடித்த ஓட்டை மாதிரி, அவளுடைய கணினிக்கு மட்டும் உள்ள ஓட்டை.

வாத்தின் பதிவிலும் அதே ஓட்டை. அதே இடத்தில், அதே அளவில்.

இரண்டு கணினி ஒரே மாடலாக இருக்கலாம். ஒரே எலி கடிக்காது.

அவள் அரட்டை அறையைத் திறந்தாள். வாத்து வந்திருந்தது.

"என்ன எறும்பே, கொண்டாட்டமா?"

"உன் பதிவுல ஒன்பதாவது வரியப் பார்த்தியா?"

"பார்த்தேனே. இந்த மாடல்ல அப்படித்தானே வருது?"

"இந்த மாடல்ல வராது. என்னோடதுல மட்டும்தான் வரும். என் மெமரில அந்த இடம் கெட்டுப் போச்சு."

"கெட்டுப் போனதா? நான் அதை அந்தச் சில்லோட குணம்னு நினைச்சுட்டேன்" என்றது வாத்து.

"போன மாசம் நான் அனுப்பின பதிவைத்தானே எடுத்து மாத்தியிருக்கே? வரிசை எண், முகவரி, தேதி, எல்லாம். எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்." பிறகு வரி வரியாக வந்தது. "இங்கே அந்த மாடல் விற்பனைக்கே வரல. பட்டியல்ல இருக்கற அத்தனை பேருக்கும் தனித்தனியா எழுதிக் கேட்டேன் எறும்பே. முன்னூறு பேருக்கு. ஒருத்தர்கிட்டயும் இல்ல. அந்தக் கணினில நம்ம இயங்குதளத்தை ஓட்டற ஆள் உலகத்துலயே நீ ஒருத்திதான்."

அவள் அதைப் படித்தாள். அறை எப்போதும் போல்தான் இருந்தது. கட்டில், மேஜை, கெட்டில்.

"உன் டிரைவரை மூணு தடவை வரிவரியாப் படிச்சேன். சரியா இருக்கு. உனக்கே தெரியும்."

"என் பேட்டரிக்குச் சரி."

"எல்லாம் ஒரே மாடல்தானே?"

"மாடல் ஒண்ணு. பேட்டரிய ரெண்டு கம்பெனிகிட்ட வாங்கிப் போட்டாலும் போடுவாங்க. எத்தனைல நிறுத்தணும்கிற எண்ணை நான் என்னோடதை அளந்துதான் வச்சிருக்கேன்."

"அப்படி வேற பேட்டரி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தானே இன்னொரு ஆள் கேக்கறாங்க."

"பதினோரு வருஷமா பார்க்கறேன். உன்னோடது ஒண்ணாவது உள்ள போகணும்னு நினைச்சேன். வேற ஒண்ணுமில்ல."

"நீயே சொல்லிடு வாத்தே. பன்னிரண்டுக்குள்ள."

"சொன்னா சாவியப் பிடுங்கிடுவாங்க. அது கிடைக்க எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு." கொஞ்சம் கழித்து: "நீ சொல்றதுன்னா சொல்லு. தடுக்க மாட்டேன். என்னால முடியல."

எட்டரை ஆகிவிட்டது. அவள் கணினியை மூடிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பதினொன்றுவரை ஒரு லிஃப்ட்டும் நிற்கவில்லை. அவள் கைபேசியை மேஜையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள். பட்டியலில் வாத்திடமிருந்து எதுவும் வரவில்லை. வராமல் இருக்கட்டும் என்றும் ஒரு மனசு சொன்னது. டிரைவர் சரியாகத்தான் இருக்கும். இருபதில் பத்தொன்பது பங்கு சரியாகத்தான் இருக்கும். யார் இந்தக் கணினியை வாங்கப்போகிறார்கள்? வாங்குகிறவர்களில் யார் இந்த இயங்குதளத்தைப் போடப்போகிறார்கள்? யாருமே இல்லாத இடத்தில் யாருக்கு என்ன ஆகிவிடும்? வாத்தின் சாவியும் பிழைக்கும். காலையில் வந்தால் வாத்து இருக்கும், மாலையில் வந்தால் வாத்து இருக்கும்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மணி அடித்தது.

"ஹலோ, யாராவது இருக்கீங்களா?" ஆண் குரல். நடுத்தர வயது.

"இருக்கேன் சார். பதறாதீங்க. எத்தனை பேர் உள்ளே?"

"நான் மட்டும்தான். ஏழாவது மாடிக்குப் போகணும். பல் டாக்டர்."

"நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல நிக்குது சார். மெக்கானிக்கை அனுப்பறேன்."

"பல்லு பிடுங்கத்தான் போறேன். ஒரு வகைல மாட்டிக்கிட்டது நல்லதுதான்." சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது. "காத்து வருமா?"

"வரும் சார். மேலே ஓட்டை இருக்கும் பாருங்க."

மூத்த மெக்கானிக் கிளம்பிவிட்டதாகச் செய்தி போட்டிருந்தார். பாலத்தருகே வண்டிகள் நகரவில்லை என்று இன்னொரு செய்தி. மணி பதினொன்று நாற்பத்தாறு.

"மேடம், ஆள் வர்றாரா?"

"வர்றார் சார்."

"நிஜமாவே வர்றாரா, ஆறுதலுக்குச் சொல்றீங்களா? கோபமா கேக்கல. எனக்கு முட்டி வலி. ரொம்ப நேரம் ஆகும்னா கீழே உட்கார்ந்துக்குவேன். உட்கார்ந்தா எழுந்திரிக்கறது கஷ்டம். நீங்க சொல்றதை வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்."

அவள் வாயில் வழக்கமான பதில் தயாராக இருந்தது. இப்ப வந்துடுவார் சார். ஆயிரம் தடவை சொன்ன பதில்.

"கிளம்பினது நிஜம் சார். பாலத்துகிட்ட மாட்டிக்கிட்டிருக்கார். இருபத்தஞ்சு நிமிஷமாவது ஆகும். உட்கார்ந்துக்குங்க."

"அப்படிச் சொல்லுங்க." துணி உரசுகிற சத்தம், ஒரு முனகல். "உட்கார்ந்துட்டேன். இப்ப பரவாயில்ல."

அவள் கைபேசியை எடுத்து, ஒற்றைக் கட்டைவிரலால் தட்டினாள்.

'நேற்று வந்த இரண்டாவது சோதனையின் பதிவும் என் கணினியில் எடுத்ததுதான். ஒன்பதாவது வரியைப் பாருங்கள். இன்னொரு கணினியில் இந்த டிரைவர் இதுவரை ஓடவில்லை. எடுத்துவிடுங்கள்.'

வாத்து என்ற பெயரை எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. நேற்று வந்த மடலின் தலையிலேயே அது இருந்தது.

"மேடம், இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்." அனுப்பு என்பதைத் தொட்டாள். பதினொன்று ஐம்பத்தைந்து.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குப் பூட்டுக்காரர் எழுதினார்: 'எடுத்துவிட்டேன்.' பன்னிரண்டுக்குப் பூட்டினார். பன்னிரண்டு பதினான்குக்கு லிஃப்ட் கதவு திறந்தது. முட்டி வலிக்காரர் நன்றி சொல்லிவிட்டு, படி ஏறியே பல் டாக்டரிடம் போனதாக மெக்கானிக் சொன்னார்.

மாலை அவள் அரட்டை அறைக்குப் போனபோது அவள் எழுதி வைத்த நன்றி அப்படியே இருந்தது. அதன்கீழே இயந்திரம் தானாகப் போட்ட ஒரு வரி: 'வாத்து வெளியேறியது.' நேரம், பன்னிரண்டு மூன்று.

வாத்தின் சாவியை மறுநாள் ரத்து செய்தார்கள். அவள் தனியாக ஒரு மடல் போட்டாள். இரண்டாவது மடல் போட்டாள். பதில் இல்லை. காணாமல் போனவர்களைத் தேட அடையாளம் கேட்பார்கள். அவளிடம் உயரம் இல்லை, வயது இல்லை, நிறம் இல்லை. பதினோரு வருஷத்து நகைச்சுவை மட்டும் இருந்தது. அதை வைத்து எந்த ஊரில் போய் விசாரிப்பது?

புதுப் பதிப்பு வெளியானது. ஓடக்கூடிய கணினிகளின் நீண்ட பட்டியலில் அவளுடைய மாடலும் ஒரு வரியில் இருந்தது: 'ஓடும்போது சார்ஜ் ஏறாது. சோதனை டிரைவர் உண்டு, ஓட்டிப் பார்க்க ஆள் தேவை.' பக்கத்தில் அவளுடைய பக்கத்துக்கு ஓர் இணைப்பு. அங்கே டிரைவரைப் போட்டு, மேலே தடித்த எழுத்தில் எழுதியிருந்தாள்: 'முதல் தடவை ஓட்டும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே வயரைப் பிடுங்குங்கள்.'

ஏழு வாரம் அந்தப் பக்கத்துக்கு யாரும் வரவில்லை. காலையில் அறையைத் திறப்பாள். நாற்பது பேர் பெயர் இருக்கும். ஒருவரும் அவளிடம் பேச மாட்டார்கள். அவள் செய்தது சரி என்று பூட்டுக்காரர் ஒரு வரி எழுதியிருந்தார். மற்றவர்கள் நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. ஒன்றிரண்டு பேர் அவளைக் கண்டால் ஒதுங்குவதுபோல் தோன்றியது. எழுத்தில் எப்படி ஒதுங்க முடியும் என்று கேட்டால், முடியும். மேஜைமுன் உட்கார்ந்து சாப்பிட்டாள். கணினியை அணைத்து சார்ஜ் ஏற்றினாள். ஏறும்வரை சுவரைப் பார்த்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மடல் வந்தது. தெரியாத முகவரி. வணக்கம் இல்லை, பெயர் இல்லை.

'உங்கள் டிரைவர் சரியில்லை. நூறு காட்டிய பிறகும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நிற்கவில்லை. அடிப்பக்கம் கை வைக்க முடியாமல் சுட்டது. பிடுங்கிவிட்டேன். இதையெல்லாம் பார்த்து எழுத வேண்டாமா?'

இது உள்ளே போயிருந்தால் தடித்த எழுத்தில் எச்சரிக்கை இருந்திருக்காது. இந்த மனிதர் கணினியைப் படுக்கையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருப்பார். அதை முழுசாக நினைத்துப் பார்த்து முடித்த பிறகுதான், இரண்டாவது கணினி இருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது.

நீளமாக எழுதினாள். நீங்கள் யார், எந்த ஊர், இதை எங்கே வாங்கினீர்கள், ஏன் வாங்கினீர்கள், திருப்பிக் கொடுக்கத் தோன்றவில்லையா. எல்லாவற்றையும் அழித்தாள். மிஞ்சியது இவ்வளவுதான்: 'மன்னிக்கவும். பிடுங்கியது நல்லது. பேட்டரியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? அதுவரை சார்ஜ் போட வேண்டாம்.'

காத்திருக்கும்போது அக்கா கூப்பிட்டாள்.

"என்ன பண்றே?"

"ஒருத்தர் மடல் போட்டிருக்காங்க. நான் எழுதினது சரியில்லையாம். நல்லா திட்டியிருக்காங்க."

"யாரு?"

"தெரியல."

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

"சந்தோஷம்னு நான் சொன்னேனா?"

"ஒரு வார்த்தைக்கு மேல பேசறியே. போதாதா?"

படம் வந்தது. கறுப்புப் பேட்டரி, வெள்ளை லேபிள். அவளுடையதில் இருக்கும் கம்பெனி பெயர் இதில் இல்லை. வேறு கம்பெனி, நிறுத்த வேண்டிய எண்ணும் அவளுடையதைவிடக் குறைவு. படத்தின் ஓரத்தில் பேட்டரியைப் பிடித்த ஒரு கட்டைவிரல் விழுந்திருந்தது. நகம் ஒட்ட வெட்டியது. ஓரத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. ஆணுடையதா பெண்ணுடையதா என்று சொல்ல முடியவில்லை. அவள் படத்தைப் பெரிதாக்கி அந்த விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

பிறகு நிரலைத் திறந்தாள். ஓர் எண் இருந்த இடத்தில், எந்தக் கம்பெனி பேட்டரி என்று முதலில் கேட்டுவிட்டு, அதற்கேற்ற எண்ணை எடுக்கும்படி மாற்றினாள். பதினோரு வரி கூடியது. தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். ஏறியது, நின்றது. மாலை நாலரைக்கு அனுப்பினாள்.

'இதைப் போட்டுப் பாருங்கள். மறுபடியும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு மணி நேரமாவது ஆகும். இன்றைக்கு முடியாவிட்டால் இன்னொரு நாள் செய்யலாம்.'

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

'உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை.'